சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 - ஜூன் 11, 1963) இந்தியாவின் ஐதராபாத் நகரைச் சேர்ந்த காற்பந்தாட்டக்காரர், பள்ளி ஆசிரியர், பயிற்றுநர் ஆவார். 1950களின் தொடக்கம் முதல் தாம் இறக்கும் வரை இந்தியத் தேசியக் காற்பந்து அணியின் பயிற்றுநராக விளங்கினார். இவரது பயிற்சியின் கீழ் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. இந்தியக் காற்பந்தின் பொற்காலம் என்று பலரும் குறிப்பிடும் காலம் ஏறத்தாழ இவர் பயிற்றுநராக இருந்த ஆண்டுகளே ஆகும். காற்பந்து வட்டாரங்களில் இவர் ரகீம் சாகிப் என்று அறியப்பட்டார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

நிசாம் ஆட்சியின் கீழ் இருந்த ஐதராபாத் சமத்தானத்தின் தலைநகரில் ரகீம் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்று பட்டம் பெற்றார். 1918ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், ஆங்கிலத்துக்கு மாறாக உருது மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. உயர் கல்வியை இந்திய மொழி ஒன்றில் தரமுடியும் என்று அக்காலத்தில் செய்து காட்டிய நிறுவனம் அது.

பட்டம் பெற்றபின் காச்சிகூடா நடுநிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் உருது செரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றிலும் பணியாற்றினார். இடையில் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பிற்காலப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். இவர் தேசிய அணியைக் கையாண்ட விதத்தில் காணப்படும் பல பழக்கங்கள் வகுப்பறையிலும் பள்ளித் திடலிலும் உருவானவை. ஒவ்வொரு மாணவனின் குறையையும் தனித்தனியே கண்டு, அதற்கென ஒரு பயிற்சியை வகுப்பது அவற்றுள் ஒன்றாகும்.

ஆட்டக்காரராக

மாணவப் பருவத்தில் ரகீம் பல்கலைக்கழக அணிக்காக விளையாடினார். பல்கலைக்கழகத்தின் அந்நாள், முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அமைத்த லெவன் அண்டர்சு என்ற அணியிலும் இடம் பெற்றார். பின்னர் உள்ளூர்ப் போட்டித் தொடர்களில் முன்னணியில் இருந்த கமர் கிளப்புக்காக ஆடினார்.

ஆட்டக்காரர் என்ற அளவில் ரகீமின் புகழ் பெரும்பாலும் ஐதராபாத் நகருக்குள் அடங்கியது. அவர் இளமையாக இருந்த காலத்தில் இந்திய அணி என்ற ஒன்று எப்போதாவது மட்டுமே கூடியது. கல்கத்தாவின் பெரிய கழகங்களில் ஆடாதவர்களுக்கு நாடு தழுவிய பெயர் கிடைப்பது அரிது. ஆயினும் நகருக்கு அருகில் இருந்த செகந்திராபாத் பெரிய பாசறை நகரம் ஆதலால், அங்கு தங்கிய பிரித்தானியப் படைப்பிரிவு அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கவும் அவற்றோடு மோதவும் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பு இருந்தது. உடல் வலுவிலும் உயரத்திலும் மிஞ்சிய எதிரணியை, வெறுங்காலுடன் ஆடும் சிறிய உடல் கொண்டவர்கள் எவ்வாறு வெல்வது என்ற கேள்வி அந்தத் தலைமுறையினர் எல்லோர் முன்னும் இருந்தது. ரகீம் தம் வாழ்நாள் முழுவதும் அதற்கே விடை தேடினார் எனலாம்.

ஐதராபாத் காற்பந்துச் சங்கமும் காவல்துறை அணியும்

1940களில் ரகீம் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். நகரில் ஆட்டங்களை ஒழுங்குபடுத்துதல், சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தனித்தனிப் போட்டிகள் நடத்துதல், திடல்களில் திறமையானவர்களைத் தேடிப் பிடித்தல் ஆகிய பணிகளை அவர் ஒரே நேரத்தில் மேற்கொண்டார். பயிற்றுநரும் நிருவாகியும் ஒருவராகவே இருந்தது பிற்காலத்தில் அவருக்குப் பெரும் நன்மையாக அமைந்தது. தமக்கு வேண்டிய ஆட்டக்காரர்களை அவர் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை; பத்து ஆண்டுகளுக்கு முன்பே விதைத்திருந்தார்.

1948 செப்டம்பரில் ஐதராபாத் சமத்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அந்நகரின் காவல்துறை அணி நாட்டின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றாக உயர்ந்தது. ரகீம் காவலர் அல்லர்; எனினும் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநராக அவரே இருந்தார். பம்பாயில் நடைபெறும் ரோவர்சு கோப்பையை இவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. தில்லியின் டூராண்ட் கோப்பையை 1950ஆம் ஆண்டுத் தொடரில் மோகன் பகானை வீழ்த்திக் கைப்பற்றியது. 1954, 1957 ஆகிய ஆண்டுகளின் தொடர்களிலும் வென்றது. மாநிலச் சீரமைப்புக்குப் பின் ஆந்திரப் பிரதேசக் காவல்துறை அணி என்ற பெயரில் 1961இல் மீண்டும் டூராண்ட் கோப்பையைப் பெற்றது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோசு கோப்பையை ஐதராபாத் அணி 1956, 1957 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது.

அதுவரை இந்தியக் காற்பந்து என்றால் கல்கத்தா என்றே பொருள் கொள்ளப்பட்டது. ரகீமின் அணி அந்த எண்ணத்தை மாற்றியது. இதில் ஒரு முரணும் உண்டு. ஐதராபாத்தின் வெற்றிகளைக் கண்ட கல்கத்தாக் கழகங்கள் அந்நகரின் இளைஞர்களைத் தொடர்ந்து அழைத்துச் சென்றன. ரகீம் வளர்த்த ஆட்டக்காரர்கள் பலர் ஈசுட் பெங்கால், மொகம்மதன் சுபோர்ட்டிங் ஆகிய கழகங்களிலேயே பெரும் புகழ் பெற்றனர்.

பயிற்சி முறை

ரகீமின் பயிற்சி முறைகளே அவரைப் பற்றிப் பேசுவோர் முதலில் குறிப்பிடும் செய்தியாகும். தென்னாசியாவில் அக்காலத்தில் ஆட்டக்காரரின் திறமை என்பது பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எதிராளிகளை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிச் செல்வதிலேயே இருப்பதாகக் கருதப்பட்டது. பார்வையாளர்களும் அதையே விரும்பினர். ரகீம் இதற்கு எதிரான நிலையை எடுத்தார். பந்து ஆட்டக்காரரை விட வேகமாகச் செல்லும். ஆகவே பந்தை ஒரு தொடுகையில் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு வெற்றிடத்துக்கு ஓட வேண்டும் என்பது அவரது அடிப்படைக் கொள்கை.

இக்கொள்கையைச் சொல்லி விளங்க வைப்பதை விட, விதிகளை மாற்றியமைத்த போட்டிகளின் மூலம் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பந்தைக் காலில் வைத்து ஓடக்கூடாது என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். வலக்கால் பழக்கம் உள்ளவர் இடக்காலால் மட்டுமே உதைக்கலாம் என்ற விதியுடனும் போட்டிகள் நடந்தன. இவ்வகைப் போட்டிகளில் வழக்கமான நட்சத்திரங்கள் தடுமாறுவதும், அதுவரை கவனிக்கப்படாதவர்கள் மேலெழுவதும் உண்டு. தேர்வாளராக ரகீமுக்கு அதுவும் பயனுள்ளதாக இருந்தது. பெரும் செலவோ கருவிகளோ தேவைப்படாத முறை இது; ஒரு பள்ளித் திடலும் ஒரு பந்தும் போதும்.

ஆட்ட அமைப்பிலும் அவர் புதுமைகளைக் கையாண்டார். அக்காலத்தில் பெரும்பாலான இந்திய அணிகள் இரண்டு பின்களத்தவர், மூன்று இடைக்களத்தவர், ஐந்து முன்களத்தவர் என்ற பழைய முறையில் ஆடின. நடு முன்கள ஆட்டக்காரர் எதிரணியின் கோல் பகுதியிலேயே நிற்பது வழக்கம். அவரைச் சற்றுப் பின்னே இழுத்து, எதிரணித் தற்காப்பாளரையும் அவரோடு வெளியே வரச் செய்து, அந்த இடைவெளியில் பக்கத்து ஆட்டக்காரர்களை நுழைய விடும் முறையை ரகீம் 1950களின் முற்பகுதியில் பயன்படுத்தினார். இதே முறையை 1953 நவம்பரில் அங்கேரி அணி வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையாண்டு 6-3 என்று வென்றபோது உலகம் வியந்தது. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் வழியாகப் புகழ்பெற்ற நான்கு-இரண்டு-நான்கு அமைப்பையும் ரகீம் விரைவிலேயே கைக்கொண்டார். இவற்றை ரகீமே உலகில் முதலில் கண்டறிந்தார் என்று சிலர் எழுதுவது மிகை. ஒரே காலத்தில் பல நாடுகளில் பலர் இந்த வழியில் சிந்தித்தனர். அவர்களுள் தொலைக்காட்சியோ வெளிநாட்டுப் பயணமோ அதிகம் வாய்க்காத ஓர் ஐதராபாத் பள்ளி ஆசிரியரும் இருந்தார் என்பதே போதிய சிறப்பு.

ஒழுக்கத்தில் கண்டிப்பானவராகவும், ஆட்டக்காரர்களின் வீட்டு நிலையை அறிந்து உதவுபவராகவும் அவர் நினைவுகூரப்படுகிறார். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் பிறந்த துளசிதாசு பலராம் மிகவும் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பயிற்சிக்காக அன்றாடம் ஐதராபாத் வந்து செல்லப் பணம் இல்லாத நிலையில், வாடகை மிதிவண்டிக்கு ரகீமே பணம் கொடுத்து வரவழைத்தார். அந்த இளைஞர் பின்னர் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார்.

இந்திய அணியின் பயிற்றுநர்

1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புது தில்லியில் நடைபெற்றன. காற்பந்தில் ஆறு நாடுகள் கலந்துகொண்டன. சைலேன் மன்னா தலைமையிலான இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானித்தானையும் தலா 3-0 என்ற கணக்கில் வென்றது. மார்ச் 10 அன்று நடைபெற்ற இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வீழ்த்தித் தங்கம் பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் காற்பந்தில் கிடைத்த முதல் பெரும் வெற்றி இதுவாகும்.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா தன் முதல் ஆட்டத்திலேயே யுகோசுலாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. அகமது கான் ஆட்டத்தின் இறுதியில் அடித்த ஒரு கோலே இந்தியாவின் பங்கு. பின்லாந்தின் குளிரில், ஈரத் தரையில், இந்திய ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடினர்.

வெறுங்கால் ஆட்டம் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியே பிரான்சுக்கு ஈடு கொடுத்து 1-2 என்று தோற்றனர். சாரங்கபாணி இராமன் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தார். இதனால் வெறுங்கால் என்பது ஒருவகைப் பெருமையாகவே கருதப்பட்டது. உலர்ந்த தரையில் பந்தின் மீது கட்டுப்பாட்டை அது தந்தது உண்மை. ஹெல்சிங்கியில் அது பெரும் பாதகமாக முடிந்தது. இத்தோல்விக்குப் பின் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது. மற்றொரு குறையும் இருந்தது. அக்காலத்தில் இந்தியாவின் உள்நாட்டுப் போட்டிகள் 90 நிமிடங்களுக்குக் குறைவாகவே நடத்தப்பட்டன. ஆகவே முழு நேர ஆட்டத்தின் பிற்பகுதியில் இந்தியர்கள் களைத்துப் போயினர். பத்து கோல்களைக் கண்ட பயிற்றுநர் அடுத்த நான்கு ஆண்டுகளில் காலணியுடன் ஆடும் திறனையும் ஓடும் வலுவையும் ஒன்றாக வளர்க்க வேண்டியவரானார்.

மெல்பேர்ண், 1956

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக் காற்பந்தில் 11 அணிகளே பங்கேற்றன. முதற் சுற்றில் இந்தியாவை எதிர்கொள்ள இருந்த அங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. டிசம்பர் 1 அன்று போட்டியை நடத்தும் நாடான ஆசுத்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் இவரே. நான்காவது கோலை கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருட்டிணசாமி அடித்தார். இதன் மூலம் ஒலிம்பிக் காற்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையை இந்தியா பெற்றது.

அரையிறுதியில் எதிரணி மீண்டும் யுகோசுலாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல்கள் அடித்த அதே நாட்டுக்கு எதிராக, முதற் பாதியில் இந்தியா கோல் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. 52ஆவது நிமிடத்தில் டிசூசா கோல் அடித்து இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். முன்னிலை இரண்டு நிமிடங்களே நீடித்தது. இறுதியில் யுகோசுலாவியா 4-1 என்று வென்றது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று வென்றதால் இந்தியாவுக்கு நான்காம் இடம் கிடைத்தது.

அணிகளின் எண்ணிக்கை குறைவு என்பதையும், ஒரே ஓர் ஆட்டத்தை வென்று அரையிறுதிக்குச் சென்றதையும் சுட்டிக்காட்டி இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உள்ளது. ஆனால் ஆசுத்திரேலியாவுக்கு எதிரான வெற்றி தற்செயலானது அன்று. ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில் சிட்னியில் அந்நாட்டுடன் ஆடிய நட்பு ஆட்டத்தில் இந்தியா 7-1 என்று வென்றது. சமர் பானர்சி தலைமை தாங்கிய அந்த ஒலிம்பிக் அணியில் நூர் முகம்மது, அசீசுதீன், சுல்பிகாருதீன், பலராம் என ஐதராபாத்தைச் சேர்ந்தவர்கள் பலர் இருந்தனர்.

ரோம், 1960

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. அங்கேரிக்கு எதிராக 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் பலராம் கோல் அடித்தார். பிரான்சுடனான ஆட்டத்தில் அணித் தலைவர் பி. கே. பானர்சி அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருக்கையில் பிரான்சு சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றதுடன் இந்தியா வெளியேறியது. பதக்கப் பட்டியலில் இடமில்லை என்றாலும், அங்கேரி அவ்வொலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணி என்பதை நினைவில் கொண்டால் இந்த ஆட்டங்களின் தரம் விளங்கும். இந்தியக் காற்பந்து அணி கடைசியாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் இதுவே.

இவ்வணியுடன் ரோம் சென்றவர்களுள் ரகீமின் மகன் சையது சாகித் அக்கீமும் ஒருவர்.

தமிழ் ஆட்டக்காரர்கள்

ரகீமின் அணிகளில் தமிழர்களுக்கு இருந்த இடம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மேலே குறிப்பிட்ட பலராமின் பெற்றோர் தமிழர்கள். கோல் காப்பாளர் பீட்டர் தங்கராசு (1935 - 2008) ஐதராபாத்தில் பிறந்தவர்; 1953இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் உள்ள சென்னை ரெசிமென்ட் மைய அணிக்காக ஆடினார். முன்கள ஆட்டக்காரராகத் தொடங்கிய இவர் பின்னர் கோல் காப்பாளராக மாறி, ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர்களுள் ஒருவராக உயர்ந்தார். அந்த மைய அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூராண்ட் கோப்பையை வென்றது. முகம்மது கண்ணன், ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராசு ஆகியோரும் ரகீமின் காலத்தில் இந்திய அணியில் இடம் பெற்றவர்கள். பயிற்சி முகாமில் வங்காளி, பஞ்சாபி, தெலுங்கு, தமிழ், மலையாளம், உருது பேசுவோர் ஒன்றாகத் தங்கினர். இவர்களை ஒரே வகை ஆட்டத்துக்குப் பழக்குவதே பயிற்றுநரின் முதல் வேலையாக இருந்தது.

ஜகார்த்தா, 1962

நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1962 ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 4 வரை இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடைபெற்றன. அணித் தலைவர் சுனி கோசுவாமி. இப்போட்டிகளின்போது ரகீமை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. அவர் தொடர்ந்து புகைபிடிக்கும் பழக்கம் உடையவர். உடல் நலிந்திருந்தது கண்கூடாகத் தெரிந்தாலும், நோயின் கடுமையை ஆட்டக்காரர்கள் பின்னரே அறிந்தனர்.

தொடக்கம் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியா 2-0 என்று வென்றது. தென் கொரியா 1956, 1960 ஆகிய இரு ஆசியக் கோப்பைகளையும் வென்றிருந்த அணி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும், சப்பானை 2-0 என்றும் இந்தியா வென்று அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. ஆனால் தாய்லாந்துடனான ஆட்டத்தில் நடுத் தற்காப்பாளர் செர்னையில் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கோல் காப்பாளர் தங்கராசு காய்ச்சலில் விழுந்தார். அவருக்குப் பதிலாகப் பிரத்யுத் பர்மன் ஆடினார்.

இங்கு ரகீம் எடுத்த முடிவு இந்தியக் காற்பந்து வரலாற்றில் மிகவும் பேசப்படுவதாகும். காயமுற்ற செர்னையில் சிங்கை உட்கார வைக்காமல், தற்காப்பிலும் நிறுத்தாமல், நடு முன்கள ஆட்டக்காரராக இறக்கினார். தலையில் கட்டுடன் இருக்கும் ஒருவர் பின்களத்தில் உயரப் பந்துகளைத் தலையால் முட்டி விலக்குவது ஆபத்து; முன்களத்திலோ அவர் தாமே நேரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளலாம். அவர் இளமையில் முன்களத்தில் ஆடிய அனுபவமும் உடையவர். அரையிறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றபோது சுனி கோசுவாமி இரண்டு கோல்களும் செர்னையில் சிங் ஒரு கோலும் அடித்தனர்.

இதற்குள் திடலுக்கு வெளியே வேறொரு சிக்கல் மூண்டிருந்தது. இந்தோனேசியா, இசுரேல், தைவான் ஆகிய நாடுகளின் அணிகளுக்கு நுழைவு அனுமதி வழங்க மறுத்துவிட்டது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் முன்னோடிகளுள் ஒருவரான இந்தியர் குரு தத் சோந்தி, உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் போட்டிகளை ஆசிய விளையாட்டுப் போட்டிகள் என்று அழைக்க முடியுமா என்ற வினாவை எழுப்பினார். இது இந்தோனேசியாவில் கடும் சினத்தை உண்டாக்கியது. ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்தியர் எந்தத் திடலில் இறங்கினாலும் கூட்டம் கூச்சலிட்டது. ஆட்டக்காரர்களுக்கும் இச்சிக்கலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கூட்டத்தின் முன் நின்றவர்கள் அவர்களே.

செப்டம்பர் 4 அன்று செனாயன் அரங்கில் இந்தியாவும் தென் கொரியாவும் இறுதியாட்டத்தில் மீண்டும் சந்தித்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பார்வையாளர்கள் திரண்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராக முழங்கினர். அரங்கில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்த சிலருள் பாக்கித்தான் வளைகோற் பந்தாட்ட அணியினரும் இருந்தனர் என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர்.

ரகீம் இறுதியாட்டத்துக்கும் செர்னையில் சிங்கை முன்களத்திலேயே வைத்துக்கொண்டார். காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராசை மீண்டும் கோல் காப்பாளராக நிறுத்தினார். நெடிய உருவம் கொண்ட தங்கராசு, உயரப் பந்துகளை நம்பி ஆடிய கொரியர்களுக்குத் தடையாக அமைந்தார். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்சி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடங்கள் கழித்து செர்னையில் சிங் இரண்டாவது கோலை அடித்தார். அதன்பின் ஓர் மணி நேரத்துக்கும் மேலாக அருண் கோசு முதலான தற்காப்பாளர்கள் கொரியர்களைத் தடுத்து நின்றனர். ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. 2-1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் காற்பந்தில் இந்தியா பெற்ற இரண்டாவது தங்கம் இது. அதன்பின் இன்று வரை மூன்றாவது கிடைக்கவில்லை.

மறைவு

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரகீம் நோயினால் விரைவில் தளர்ந்தார். 1963 ஜூன் 11 அன்று ஐதராபாத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. வெற்றிக்கும் இறப்புக்கும் இடையில் ஒன்பது மாதங்களே இருந்தன.

பின்னாட்கள்

ரகீமுக்குப் பின் இந்திய அணி ஆங்கிலேயரான ஆரி ரைட்டின் பயிற்சியில் 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. அவ்வணியில் ஆடியவர்களுள் பலர் ரகீமால் பழக்கப்பட்டவர்கள். அத்தலைமுறை ஓய்வு பெறத் தொடங்கியதும் சரிவு தொடங்கியது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெற்ற வெண்கலமே அப்போட்டிகளில் இந்தியக் காற்பந்து பெற்ற கடைசிப் பதக்கம். அவ்வணியின் தலைவர் சையது நயீமுதீன் ஐதராபாத்தைச் சேர்ந்தவர். பயிற்றுநர்களுள் ஒருவர் ரகீமின் மாணவரான பி. கே. பானர்சி. அருண் கோசும் பின்னாளில் இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தார்.

சரிவுக்கான காரணங்களைப் பலர் பலவாறு கூறுவர். ஆசியாவின் பிற நாடுகள் தொழில்முறைப் போட்டித் தொடர்களை அமைத்து முன்னேறியது ஒரு காரணம். இந்தியாவின் உள்நாட்டு ஆட்டங்கள் நெடுங்காலம் பழைய முறையிலேயே நடந்தது மற்றொன்று. ரகீமைப் பொறுத்தவரை, அவர் தம் முறைகளை நூலாக எழுதி வைக்கவோ பயிற்றுநர்களுக்கான பள்ளி ஒன்றை நிறுவவோ காலம் இடம் தரவில்லை. அவை அவரது மாணவர்களின் நினைவில் மட்டுமே தங்கின. ஐதராபாத்திலும் காவல்துறை அணி மங்கியதோடு இளைஞர்களைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடும் மங்கியது. ஒரு காலத்தில் ஒலிம்பிக் அணிக்கு ஒரே தடவையில் பலரை அனுப்பிய நகரத்திலிருந்து தேசிய அணிக்கு ஒருவர் செல்வதே செய்தியாகும் நிலை வந்தது.

சிறந்த பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல் ஏற்படுத்தப்பட்டது. ரகீம் மறைந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரது மகன் சாகித் அக்கீம் இந்திய வான்படையில் பணியாற்றியதுடன் பன்னாட்டு நடுவராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார். 2017இல் தியான் சந்த் விருது பெற்ற அவர் 2021 ஆகஸ்டில் காலமானார். 1962 அணியின் தலைவர் சுனி கோசுவாமியும் பி. கே. பானர்சியும் 2020இல் மறைந்தனர். பலராம் 2023 பிப்ரவரியில் மறைந்தார். ரகீமின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு அஜய் தேவ்கன் நடித்த மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. திரைக்கதைக்காகச் சில நிகழ்ச்சிகள் அதில் மாற்றப்பட்டுள்ளன. இறுதியாட்டத்தின் கோல் கணக்கு மாற்றப்படவில்லை.